பங்குனிக் கடைசியில் மோட்டார்ஹோமில் ஆல்ப்ஸ் ஏரிக்கரை: அம்மா, பிள்ளைகளோடு ஆறு பேர், வழி சொல்லுங்கள்

கடற்காற்று (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம் இது. 2026 ஏப்ரலில் எப்படியும் போவது என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டோம். நான், மனைவி, மகள் (13), மகன் (9), அம்மா (68). சூரிச்சில் என் சித்தி மகன் இருக்கிறான். அவன்தான் வாகனம் ஓட்டுவான், எனக்குத் தம்பி முறை. ஆக ஆறு பேர்.

படுக்கை, குசினி எல்லாம் உள்ளேயே இருக்கிற மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுக்க யோசனை. ஏப்ரல் 2 வியாழன் சூரிச்சில் இருந்து புறப்பட்டுப் பத்து நாள். முதலில் சென் மோரிட்ஸ் ஏரி, பிறகு ஓஷினன் ஏரி, அங்கிருந்து இத்தாலியின் கார்டா ஏரி. பனிமலைக்கு நடுவே பச்சைத் தண்ணீர், கரையில் வாகனத்தை நிறுத்திக் காலையில் கதவைத் திறந்தால் ஏரி. மகன் அந்தப் படத்தைத் தன் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறான்.

எனக்கு வான் ஓடிப் பழக்கம் உண்டு. கொழும்பில் இருந்து நுவரெலியாவுக்கு ரம்பொடை வளைவுகளால் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஆனால் இந்தக் குளிர், இந்த வாகனம், விசா எல்லாமே எங்களுக்குப் புதிது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, அதையும் மனதில் வைத்துச் சொன்னால் நல்லது.

பனிக்கரை (சூரிச்)

தம்பி, வணக்கம். இங்கே நாங்கள் இதை வோன்மொபில் என்றுதான் சொல்வோம். 2016இல் இருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் குடும்பத்தோடு போய் வருகிறேன். உங்கள் திட்டத்தில் ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும். ஏரியைப் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், உயரத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

சென் மோரிட்ஸ் ஏரி 1768 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நுவரெலியா உயரம். ஆனால் நுவரெலியாவில் ஏப்ரல் என்றால் பூக்காலம். அங்கே பெப்ரவரியில் ஏரி உறைந்து, அந்த ஐஸ் மேல் குதிரைப் பந்தயம் வைப்பார்கள். அந்த ஐஸ் ஏப்ரல் தொடக்கத்தில் உருகி முடிந்திருக்காது. ஓஷினன் 1578 மீட்டர், அதுவும் அப்படித்தான். நீங்கள் பார்த்த பச்சைத் தண்ணீர்ப் படங்கள் ஜூன், ஜூலையில் எடுத்தவை. உங்களுக்குக் கிடைப்பது வெள்ளையும் சாம்பலும் கலந்த ஒரு திடல், கரையெல்லாம் பாதி உருகிய சேறு.

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் குளிர் கூடும். அதனால் ஒரே நாளில், ஒரே நாட்டில், இரண்டு பருவம் இருக்கும். மஜ்ஜோரே ஏரி 193 மீட்டர்தான், கார்டா 65 மீட்டர். இரண்டும் ஆல்ப்ஸின் தெற்குப் பக்கம். வடக்குக் குளிர்காற்றை மலையே மறித்துவிடும். அங்கே ஏப்ரல் தொடக்கத்தில் பகலில் ஒரு ஸ்வெட்டரோடு வெளியே இருந்து தேநீர் குடிக்கலாம், தலையை நிமிர்த்தினால் மலை உச்சியில் பனி. உங்கள் மகன் ஒட்டி வைத்திருக்கிற படம் அந்த மாதத்தில் இருப்பது அங்கேதான்.

நான் இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். 2018 மார்ச் கடைசியில், சென் மோரிட்ஸ் இருக்கிற எங்கடீன் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 1800 மீட்டரில், இரவு தங்கினோம். விடியப்புறம் மூன்று மணிக்குத் தண்ணீர் மோட்டார் உறுமுகிற சத்தத்தில் எழும்பினேன். ஒருவரும் குழாயைத் திறக்கவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குனிந்து பார்த்தால், வாகனத்துக்கு அடியில் சின்னக் குழாயொன்றால் தண்ணீர் கொட்டிக் கொண்டிருக்கிறது. விழுந்த இடத்தில் அது அப்படியே ஐஸ் ஆகிறது.

இந்த வாகனங்களில் சுடுதண்ணீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு வால்வு இருக்கும். அந்த இடத்தில் குளிர் மூன்று பாகை அளவுக்கு இறங்கினால் அது தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். உள்ளே உறைந்து கொதிகலன் வெடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மோட்டாரை நான் நிறுத்தாமல் படுத்ததால் பெரிய தாங்கித் தண்ணீரும் சேர்ந்து போய்விட்டது. திரும்ப மூடலாம் என்றால், அந்த இடம் ஏழு பாகைக்கு மேல் சூடாகும்வரை அதன் பொத்தான் உள்ளே நிற்காது. விரலால் அழுத்த அழுத்த வெளியே வருகிறது.

இரவில் கேஸ் ஹீற்றர் நின்றதால்தான் இவ்வளவும். அது ஏன் நின்றது? தெற்கே மாற்றிய சிலிண்டரில் பியூட்டேன் கலந்திருந்தது. 2021 கடைசியில் நம் நாட்டில் கேஸ் அடுப்பு வெடிப்புகள் நடந்தபோது புரொப்பேன், பியூட்டேன் கலவை என்று எல்லா வீட்டிலும் கதைத்தார்களே, அதே கலவை. பியூட்டேன் பூச்சியப் பாகையோடேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் கழித்தல் 42 வரை தாங்கும். குளிர்காலத்தில் சிலிண்டர் எடுக்கும்போது தனிப் புரொப்பேனா என்று கேட்டு எடுங்கள்.

அன்று என் சின்ன மகளுக்கு நாலு வயது. விடியும்வரை அவளை என் கோட்டுக்குள் வைத்துக் கொண்டு இருந்தேன். 68 வயது அம்மாவோடு நீங்கள் அப்படி ஓர் இரவைக் கழிக்கக் கூடாது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கடற்காற்று (வெள்ளவத்தை)

அண்ணா, மிக்க நன்றி. வாசித்து முடித்ததும் மனைவியிடம் கொடுத்தேன். சென் மோரிட்ஸ், ஓஷினன் இரண்டையும் வெட்டியாயிற்று. ஆனால் மகனின் முகம் வாடிவிட்டது. பனியைத் தொட வேண்டும் என்பதுதான் அவனுக்கு முழு ஆசையும். உச்சியில் தூரத்தில் தெரிகிற பனி அவனுக்குக் காணாது.

மலைமுகடு (பேர்ண்)

பனிக்கரை அண்ணா சொல்வது சரி. ஆனால் நான் பிள்ளையின் பக்கம். கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு வாழ்க்கையில் முதல் பனி. அது இல்லாமல் அவனைத் திருப்பி அனுப்பாதீர்கள். படுப்பது பள்ளத்தில், பனி பார்ப்பது ரயிலில் என்று பிரித்துவிடுங்கள்.

சூரிச்சில் இருந்து தெற்கே போகிற வழியில், கோத்தார்ட் சுரங்கத்துக்குள் நுழைய முன்னம், கோஷனன் என்று சின்ன ஊர். அங்கிருந்து பல்சக்கர ரயில் ஷொல்லனன் பள்ளத்தாக்கால் அண்டர்மட்டுக்கு ஏறுகிறது. கால் மணித்தியாலப் பயணம். அண்டர்மட் 1444 மீட்டர். அங்கே மாறி இன்னொரு ரயிலில் ஓபர்அல்ப் கணவாய்க்குப் போகலாம், 2044 மீட்டர். ஏப்ரலில் அங்கே கார் வீதி பனியால் மூடிக் கிடக்கும், ரயில் மட்டும் ஓடும். இறங்கினால் ஸ்டேசன் வாசலிலேயே பிள்ளையின் நெஞ்சளவுக்குப் பனி குவிந்திருக்கும்.

அம்மா நடக்கத் தேவையில்லை. அம்மா ரயிலுக்குள் இருந்தே பார்க்கலாம், அல்லது கணவாயில் ஒரு சூடான பானம் குடித்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கலாம். ஒன்றிரண்டு மணித்தியாலம் விளையாடிவிட்டு இறங்கி, அன்று பின்னேரமே சுரங்கத்தைத் தாண்டித் தெற்கே போய்ப் படுங்கள்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊறாத கையுறை இரண்டு சோடி வேண்டும். கம்பளிக் கையுறை பத்து நிமிடத்தில் நனைந்து விரல் விறைத்துவிடும். பிறகு அழுகைதான்.

பனிக்கரை (சூரிச்)

மலைமுகடு சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

அப்புறம் திகதி. ஏப்ரல் 2 வேண்டாம். 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5. பெரிய வியாழன், பெரிய வெள்ளி இரண்டு நாளும் வடக்கு ஐரோப்பா முழுக்கத் தெற்கே இறங்கும். கோத்தார்ட் சுரங்கம் 16.9 கிலோமீட்டர், 1980இல் திறந்தது. ஒரே குழாய், போவதும் வருவதும் அதற்குள்தான். இரண்டாவது குழாய் இப்போதுதான் தோண்டுகிறார்கள். ஈஸ்டருக்கு அதன் வாசலில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வாகனம் நிற்பது வருடாவருடம் நடக்கிற சங்கதி. மேலே கணவாய் வீதியும் அப்போது பூட்டு. ஈஸ்டர் திங்கள் கழிந்து, புதன்கிழமை, ஏப்ரல் 8 காலையில் புறப்படுங்கள். முகாம் இடங்களிலும் சனம் குறைந்திருக்கும்.

தெற்கே போவதற்கு இன்னுமொரு காரணம்: பல முகாம் இடங்கள் குளிர்காலம் முழுக்கப் பூட்டி, மார்ச் கடைசியிலோ ஈஸ்டருக்கோதான் திறக்கும். உயரத்தில் இருப்பவை அதற்கும் பிந்தும். ஆகவே போகிற இடம் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதிக் கேளுங்கள்.

வரவேற்பறை (கொள்ளுப்பிட்டி)

தம்பி, நான் விசா விண்ணப்பங்கள் தயார் செய்கிற வேலையில் பல வருடம் இருக்கிறேன். ஒரு விசயம் ஒருவரும் சொல்லவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

சுவிஸ், இத்தாலி இரண்டுக்கும் ஒரே விசாதான், ஷெங்கன் விசா. அதை எந்த நாட்டில் கூடுதல் இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. உங்களை அழைப்பது சுவிஸில் இருக்கிற தம்பி. ஆனால் கார்டாவில் ஏழு இரவு, சுவிஸில் ஐந்து இரவு என்று நீங்கள் எழுதினால் விண்ணப்பம் இத்தாலிக்குப் போக வேண்டும். இது தெரியாமல் அழைப்புக் கடிதம் ஒரு நாட்டிலும் இரவுகள் இன்னொரு நாட்டிலுமாகக் கொண்டு வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழை அவர்களுடையது என்று சொல்ல மனம் வராது, ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பனிக்கரை சொன்ன மஜ்ஜோரே ஏரியின் வடக்கு முனை சுவிஸுக்குள் இருக்கிறது. லோகார்னோ, அஸ்கோனா, தெனேரோ எல்லாம் சுவிஸ். அதை எடுத்தால் தம்பி வீட்டு இரவுகளும் சேர்ந்து சுவிஸ் கணக்குத் தெளிவாக மேலே நிற்கும். இத்தாலிப் பக்கம் மூன்று நாலு இரவு தாராளமாகப் போய் வரலாம்.

வோன்மொபில் என்றால் தங்குமிடச் சான்று எங்கே என்று கேட்பார்கள். வாகன வாடகை ஒப்பந்தம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு இரவும் எந்த முகாமில் என்று பதிவு செய்து, அந்த உறுதிக் கடிதங்களைத் திகதி வாரியாக அடுக்கி வையுங்கள். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. அம்மாவின் வயதுக்கு அது பொருந்துகிறதா என்று பத்திரத்தில் வாசித்துப் பாருங்கள். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குக் குறைவான பிள்ளைக்கு 45. மகளுக்கு 13, அவளுக்கு முழுக் கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னமே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை இழுக்கக் கூடாது. சித்திரை லீவுக்குப் போகிற சனம் கூட, நேரம் கிடைப்பது கஷ்டம். இப்போதே நேரம் எடுங்கள்.

கடற்காற்று (வெள்ளவத்தை)

அக்கா, இது தெரியாமல் நான் கார்டாவில் எட்டு இரவு என்று எழுதி வைத்திருந்தேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன். கார்டா இந்தத் தரம் இல்லை. மஜ்ஜோரேதான்.

அடுத்த கேள்வி. தம்பிக்குக் களைத்தால் நானும் கொஞ்சம் ஓட்டலாமா? என்னிடம் பி வகுப்பு லைசென்ஸ் இருக்கிறது. வாகனம், ஆறு பேர் படுக்கக்கூடிய 7 மீட்டர் நீளமான ஒன்றைத் தம்பி பார்த்து வைத்திருக்கிறான்.

பனிக்கரை (சூரிச்)

லைசென்ஸுக்கு, காலி முகத்திடல் பக்கம் இருக்கிற இலங்கை ஒட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுங்கள். இலங்கை லைசென்ஸையும் கூடவே கொண்டு வர வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது செல்லாது. பி வகுப்பு 3500 கிலோவரை. ஆனால் வாடகைக்காரர் உங்கள் பெயரை இரண்டாவது சாரதியாக ஒப்பந்தத்தில் எழுதாமல் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். வலப்பக்க வீதி, இடப்பக்க ஸ்டியரிங், ஏழு மீட்டர் வாகனம், மூன்றும் ஒன்றாக முதல் நாள் வேண்டாம். பெரிய நெடுஞ்சாலையில் ஓர் அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள், ஏரிக்கரை வீதிகளைத் தம்பியிடம் விடுங்கள்.

இப்போது முக்கியமான விசயம். ஆறு பேர் படுக்கலாம் என்றால் ஆறு பேர் பயணிக்கலாம் என்று அர்த்தமில்லை. படுக்கை எண்ணிக்கை வேறு, சீற் பெல்ட் எண்ணிக்கை வேறு. ஆறு படுக்கை இருந்து நாலே பெல்ட் உள்ள வாகனங்கள் இருக்கின்றன. வாகனப் பத்திரத்தில் எத்தனை இருக்கை என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுகிற நேரம் படுக்கையில் ஒருவரும் படுக்கக் கூடாது. உங்கள் மகனுக்கு 12 வயதாகவில்லை, 150 சென்டிமீட்டர் உயரமும் வந்திருக்காது, ஆகவே சுவிஸ் சட்டப்படி அவனுக்குப் பிள்ளை இருக்கையும் வேண்டும்.

அடுத்தது பாரம். 3500 கிலோவில் வெறும் வாகனமே, தண்ணீர், கேஸ், சாரதி சேர்த்து 3100 கிலோ அளவில் நிற்கும். மிச்சம் 400. சாரதி தவிர ஐந்து பேர், சராசரி 65 கிலோ என்றால் 325. கொழும்பில் இருந்து 23 கிலோப் பெட்டி ஐந்து, அது 115. இரண்டையும் கூட்டினால் 440. ஒரு பானை வைக்க முன்னமே கூடிவிட்டது. பொலிஸ் நிறுத்தித் தராசில் ஏற்றுவார்கள். குற்றப்பணத்தை விடுங்கள், அந்தப் பாரத்தில் மலை இறக்கத்தில் பிரேக் சூடாவதுதான் எனக்குப் பயம்.

கடற்காற்று (வெள்ளவத்தை)

தம்பி போய்ப் பார்த்தான். அண்ணா சொன்னது அப்படியே. ஆறு படுக்கை, நாலு பெல்ட். அதை விட்டுவிட்டு ஆறு பெல்ட் உள்ள ஒன்றைப் பிடித்திருக்கிறான். பாரத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை.

தெஹிவளை வாசி

நாங்கள் 2024இல் மாமனார், மாமியாரோடு போனோம். எங்களுக்கும் இதே பிரச்சினை. ஒரு சின்னக் காரையும் கூட்டிக்கொண்டு போனோம். முதியவர்களும் பெட்டிகளும் காரில். இரவில் அவர்களுக்கு முகாமுக்குள்ளேயே ஒரு சின்ன மரவீடு எடுத்தோம். பல முகாம்களில் வாடகைக்கு இருக்கும், ஹீற்றரும் சொந்தக் கக்கூசும் உள்ளே. பகல் முழுக்க எல்லோரும் வோன்மொபிலுக்கு முன்னால், படுக்கத்தான் அங்கே.

கக்கூசு பற்றி ஒருவரும் எழுதவில்லை, வெட்கப்படாமல் சொல்கிறேன். வாகனத்துக்குள் இருப்பது ஒரு பெட்டிக் கக்கூசு. அடியில் ஒரு கசெட், 18 லீற்றர் அளவு கொள்ளும். கடதாசி பாவிக்கிறவர்களை நினைத்துச் செய்தது. நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். ஒரு தரத்துக்கு ஒரு லீற்றர் என்றாலும் ஐந்து பேருக்கு ஒரு நாளிலேயே சிவப்பு லைட் எரிந்துவிடும். அதைக் கழற்றி, சில்லில் இழுத்துக்கொண்டு போய், முகாமில் அதற்கென்று இருக்கிற தொட்டியில் கொட்டிக் கழுவ வேண்டும். வேறெங்கும் கொட்டக் கூடாது. நாங்கள் இரவு அவசரத்துக்கு மட்டும் உள்ளே, மற்றபடி முகாமின் கழிவறை என்று வைத்தோம். ஒரு சின்னப் பிளாஸ்டிக் செம்பை வெள்ளவத்தையிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே தேடிக் களைத்துவிட்டோம்.

சமையல். முகாமில் கரண்ட் கிடைக்கும், ஆனால் 6 அம்பியர்தான் பல இடங்களில். 230ஐ 6ஆல் பெருக்கினால் 1380 வாட். கேத்தில் 2000 வாட், போட்ட உடனே கட்டை (பிரேக்கர்) இறங்கிக் கரண்ட் நின்றுவிடும். நான் இரண்டு தரம் இறக்கிப் பக்கத்து வாகனக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். 700 வாட் ரைஸ் குக்கர் தாராளமாக வேலை செய்யும், அது ஓடும்போது வேறொன்றையும் போடாதீர்கள். தண்ணீரைக் கேஸில் சுட வையுங்கள்.

தாளிப்பதென்றால் கதவையும் கூரைச் சன்னலையும் திறந்து வைத்துத் தாளியுங்கள். கடுகு வெடிக்கிற புகைக்கு அலாரம் கத்தும், அதைவிட அந்த வாசம் மெத்தைத் துணியில் ஏறினால் வாகனத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது துப்புரவுக் காசு பிடிப்பார்கள். நாங்கள் சம்பலும் பருப்பும் பாணுமாக நாலு நாள் சந்தோசமாக ஓட்டினோம்.

இரவில் ஐந்து பேர் மூச்சு விட்டால் காலையில் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழியும். குளிர் என்று எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டாமல் கூரைச் சன்னலை ஒரு விரல் அளவு திறந்து விடுங்கள். கேஸ் ஹீற்றர் ஓடுகிற இடத்தில் காற்றோட்டம் உயிர்க்காப்பு. காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்று எடுக்கும்போதே கேளுங்கள்.

மலைமுகடு (பேர்ண்)

சாமான் கட்டும்போது: இறைச்சி, பால் சாமான் எதுவும் விமானத்தில் கொண்டு வர முடியாது. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் பறித்துவிடுவார்கள். தேங்காய்க்கு விலக்கு உண்டு. ஆனால் பாரம் சுமக்காதீர்கள், கறிவேப்பிலை முதல் றம்பை வரை சூரிச் தமிழ்க் கடையிலேயே இருக்கிறது.

கடற்காற்று (வெள்ளவத்தை)

எல்லாவற்றையும் வைத்து நேற்று இரவு தம்பியோடு இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். அவன் மனைவியும் லீவு எடுத்துக் காரில் வருகிறாள். அம்மாவும் பெட்டிகளும் அந்தக் காரில். தெஹிவளை வாசி சொன்ன மரவீட்டில் அம்மாவும் தம்பி மனைவியும். மகள் தானும் அப்பம்மாவோடுதான் படுப்பேன் என்கிறாள். இப்போது திட்டம் இப்படி:

ஏப்ரல் 4 சூரிச், தம்பி வீட்டில் நாலு இரவு. 8 புதன் காலை புறப்பட்டுக் கோஷனன், ரயிலில் ஓபர்அல்ப், பின்னேரம் சுரங்கத்தைத் தாண்டித் தெனேரோ, அங்கே மூன்று இரவு. 11 சனி இத்தாலிப் பக்கம் கன்னோபியோ, நாலு இரவு. 15 திரும்பித் தெனேரோ, 16 சூரிச். இடம் பார்க்க அம்மாவுக்கு ஏற்றது என்னென்ன? வீதி எப்படி?

பனிக்கரை (சூரிச்)

இதைத்தான் நான் முதலில் இருந்து விரும்பினேன் தம்பி. ஒரு நாளும் நீண்ட ஓட்டம் இல்லை, முதல் நாளும் கடைசி நாளும் தவிர. கன்னோபியோவில் ஞாயிறு காலை ஏரிக்கரையில் சந்தை கூடும். 12ஆம் திகதி ஞாயிறு, சரியாக வந்து விழுகிறது.

தெனேரோவில் இருந்து கன்னோபியோ முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஏரி, நடுவில் ஒடுங்கின வீதி. எதிரே பஸ் வந்தால் கண்ணாடிகள் உரசுமோ என்று இருக்கும். அந்த வீதியில் முன்பு கல் சரிந்தும் இருக்கிறது, அதனால் மழை விட்டபிறகு, காலை பத்து மணியளவில் போங்கள். வாகனத்தின் உயரத்தை மீட்டரில் பெரிதாக எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஏரிக்கரைத் தரிப்பிடங்களில் இரண்டு மீட்டரிலேயே இரும்புக் கம்பி குறுக்கே போட்டிருப்பார்கள். இத்தாலியில் ஊரின் பழைய நடுப்பகுதிக்குள் வாகனமே விடாத வலயங்கள் உண்டு, கமரா படம் பிடித்துச் சில மாதம் கழித்துக் கடிதம் வரும். அதனால் வோன்மொபிலை முகாமில் விட்டுவிட்டு காரிலும் படகிலும் திரியுங்கள். ஏப்ரல் 15 வரை இத்தாலியில் பல வீதிகளில் குளிர்கால டயர் அல்லது பனிச் சங்கிலி கட்டாயம், வாடகைக்காரர் டயர் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

அம்மாவுக்குப் பூந்தோட்டங்கள். வெர்பானியாவில் வில்லா தரந்தோ, 1931இல் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் தொடங்கினது, 16 ஹெக்டேயர். ஏப்ரலில் துலிப் பூக்கும். முழுவதும் நடக்கத் தேவையில்லை, வாசல் பக்கமே போதும். ஏரிக்குள் இசோலா பெல்லா தீவில் வெள்ளை மயில்கள் தோட்டத்தில் உலாவும். என் அம்மா அதைப் பார்த்து முருகா என்று கைகூப்பினார். அது ஆறு வருடத்துக்கு முன். இப்போது அம்மா இல்லை.

லோகார்னோவில் கமேலியாப் பூங்கா. அந்த மாதத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். கமேலியா நம் தேயிலையின் சொந்தச் செடி, இலையைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். அஸ்கோனாவுக்கு மேல் மொன்தே வெரித்தா குன்றில் சின்னத் தேயிலைத் தோட்டமே வைத்திருக்கிறார்கள். நுவரெலியாவில் இருந்து வந்த ஒரு நண்பரை அங்கே கூட்டிப் போனேன். அவர் ஒரு கொழுந்தைக் கிள்ளாமல் விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

தெஹிவளை வாசி

விமானம் இறங்கின அன்றே வாகனம் எடுக்காமல் நாலு நாள் விட்டது நல்ல முடிவு. எடுக்கும்போது ஒவ்வொரு கீறலையும் படம் எடுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் யூரோ என்று முன்பணம் கார்ட்டில் பிடித்து வைப்பார்கள், கார்ட்டின் எல்லையைக் கொழும்பிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.

வரவேற்பறை (கொள்ளுப்பிட்டி)

இரவுகளை எண்ணிப் பார்த்தேன். சுவிஸில் 4, 3, 1, அப்புறம் சூரிச்சில் மிச்சம். இத்தாலியில் 4. சுவிஸிடம் விண்ணப்பியுங்கள், ஒரு குழப்பமும் இல்லை.

கடற்காற்று (வெள்ளவத்தை)

நன்றி அக்கா, நன்றி எல்லோருக்கும். விசாவுக்கு நேரம் எடுத்தாயிற்று. மகன் பழைய படத்தைக் கழற்றிவிட்டு ஓபர்அல்ப் கணவாய் வரைபடத்தை ஒட்டியிருக்கிறான். உயரத்தைத் தானே சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறான்.

ஒரே ஒரு விசயம் பாக்கி. 14ஆம் திகதி புத்தாண்டு, அன்று நாங்கள் கன்னோபியோவில். வாழ்க்கையில் ஒரு புத்தாண்டும் தலையில் மூலிகை மருத்துநீர் வைக்காமல் அம்மா குளித்ததில்லை. வழக்கமாகக் கோயிலில் போத்தலில் வாங்கி வருவோம். புத்தாண்டுக்கு முதல் நாள்தான் கொடுப்பார்கள், நாங்களோ பத்து நாள் முன்னமே பறக்கிறோம். கொதிகலனில் பத்து லீற்றர் தண்ணீர்தான், அது தலைக்குக் குளிக்கக் காணுமா என்றும் கேட்கிறார்.

பனிக்கரை (சூரிச்)

குளிப்பதற்கு முகாமின் குளியலறையில் சுடுதண்ணீர் தாராளம், அம்மாவை யோசிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துநீருக்கு, நான் 11ஆம் திகதிக்கு முன் இங்கே ஐயரிடம் கேட்டுப் பார்க்கிறேன். அவர் செய்து தந்தால், எங்கள் குடும்பமும் அந்த வார இறுதி லோகார்னோ பக்கம்தான், போத்தலை நானே கன்னோபியோவுக்குக் கொண்டு வந்து அம்மாவின் கையில் தருகிறேன். எத்தனை பேருக்கு என்று மட்டும் எழுதுங்கள்.

கடற்காற்று (வெள்ளவத்தை)

ஏழு பேருக்கு அண்ணா. அம்மா உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறார். கைவிசேசத்துக்குப் புது நோட்டு எடுத்து வைக்க வேண்டுமாம்.